குடியை விடக் கூட்டம் தேடும் எல்லையோரத்தாருக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மாதத்தின் முதல் தேதி கேரளாவில் பெவ்கோ மதுக்கடை திறக்காது. அன்றைக்கு வேலந்தாவளத்துக்காரர் எந்தப் பக்கம் நடப்பார், குமுளிக்காரர் எந்த பஸ் ஏறுவார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செக்போஸ்ட்டைத் தாண்டினால் டாஸ்மாக். குடிப்பதற்கு எல்லை தாண்டிப் பழகிய நாம், குடியை விடவும் அதே எல்லையைத் தாண்டலாம். மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழர் பலர் ஒரே ஒரு போன் செய்துபார்த்துவிட்டு, "எல்லாம் மலையாளத்துலதான் இருக்கு, நமக்கு ஒண்ணும் இல்ல" என்று தேடலை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தியவர்களின் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மிச்சம் 37 பேரில் நீங்களோ உங்கள் வீட்டு ஆளோ இருக்க வேண்டாம்.

இங்கே கூட்டம் என்று சொல்வது ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியோடு போராடிய ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த அமைப்பு அது. 1957-ல் இந்தியாவுக்கு வந்தது. குடியை விட்டவர், விட முடியாதவரோடு உட்கார்ந்து பேசுவார். அதுதான் அங்கே மருந்து. 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் இந்த வழி மற்ற மனநலச் சிகிச்சைகளைவிடக் கைகொடுக்கிறது என்று கண்டது.

செய்ய வேண்டியவை

• தினமும் குடிப்பவர் என்றால், கூட்டத்துக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள்.
காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் உடம்பு சாராயத்தை வைத்தே ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாத ஆள் தெரிவதும் இடம் காலம் மறப்பதும் வரலாம். இதில் உயிர் போவதும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கில் கேரளத்து மதுக்கடைகள் ஒரே நாளில் அடைபட்டபோது, குடி கிடைக்காமல் தவித்தவர்களில் சிலர் தங்கள் உயிரையே முடித்துக்கொண்டார்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவிட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. டாக்டர்கள் சொன்னது சரி: இந்த நிலைக்கு மருந்து இருக்கிறது, ஐந்து முதல் பத்து நாளில் பாதுகாப்பாக இறக்கிவிடுவார்கள். முழுக் கணக்கையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு ஃபுல் என்றால் ஒரு ஃபுல் என்றே சொல்லுங்கள், குவார்ட்டர் என்று குறைத்தால் மருந்தின் அளவும் குறைந்துவிடும்.

• இன்றைக்கே மூன்று எண்களுக்குப் போன் செய்யுங்கள்.
14405, கேரள எக்சைஸ் துறை 2016-ல் தொடங்கிய விமுக்தி திட்டத்தின் எண். 14446, மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். 14416, டெலி மானஸ் மனநல எண், மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுங்கள். மூன்றுமே இலவசம். ஒன்று பிஸி என்றால் அடுத்ததைப் போடுங்கள். வாளையார், போடிமெட்டு பக்கம் போன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் யார் எடுத்தாலும் முதலில் உங்கள் ஊரையும் மாவட்டத்தையும் சொல்லிவிடுங்கள். கூட்ட விவரம் அவர்களிடம் இல்லாவிட்டாலும், பக்கத்து அரசு டி-அடிக்ஷன் மையம் எங்கே என்று தெரிந்துவிடும். அந்த மையத்து கவுன்சிலருக்கு ஏ.ஏ. ஆட்களைத் தெரிந்திருக்கும்.

• மலையாளத்தில் கேட்க இந்த வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
"எனிக்கு குடி நிர்த்தணம், சேட்டா. ஏஏ மீட்டிங் எவிடெயாணு? தமிழ் அறியுந்ந ஆரெங்கிலும் உண்டோ?" பயந்துகொண்டே போன் செய்யும் நேரத்தில் வார்த்தை வராது. ஒரு சீட்டில் எழுதிப் பார்த்தே படியுங்கள்.

• இரண்டு மாநிலத்திலும் தேடுங்கள்.
மறையூரிலிருந்து மூணாறு சுமார் 40 கிலோமீட்டர், உடுமலையும் ஏறத்தாழ அதே தூரம்தான். குமுளிக்குக் கம்பம் பக்கம். கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பாலக்காடும் கோவையும் இரண்டுமே கைக்கெட்டும். போடி, தேவாரம், கோம்பையிலிருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி வருகிறவர்கள் தோட்டத்துப் பக்கம் தேடவே வேண்டாம், சொந்த ஊர்ப் பக்கம் கேளுங்கள். பொழுது சாய்ந்தால் நீங்கள் இருக்கும் இடம் அதுதானே. அட்டப்பாடி ஆட்களுக்கு ஆனைகட்டி வழியாகக் கோவை ஒரு வழி. கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில் விமுக்தி மையம் இருக்கிறது, அங்கேயே விசாரிக்கலாம்.

• கடைசி பஸ்ஸைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.
பல கூட்டங்கள் மாலையில்தான் கூடும், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். மலைப்பாதையில் திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த இரவைக் கழிக்க பஸ் ஸ்டாண்டும், அதன் எதிரே ஒரு பாரும்தான் இருக்கும். மாலைக் கூட்டம் ஒத்துவராதவர்கள் ஞாயிறு பகல் கூட்டம் உண்டா என்று கேளுங்கள்.

• கிளம்பும் அன்றைக்கு மறுபடி போன் செய்யுங்கள்.
இடமும் கிழமையும் மாறும். நெட்டில் கிடக்கும் பட்டியல் பழையதாக இருக்கலாம். கஷ்டப்பட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் இரண்டாம் முறை கிளம்புவது அபூர்வம்.

• "ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா?" என்று கேளுங்கள்.
க்ளோஸ்டு என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர் மட்டும். ஓப்பன் என்றால் மனைவி, அண்ணன், நண்பர் யாரும் கூட வரலாம். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை என்றால் ஓப்பனில் தொடங்குங்கள்.

• உங்கள் எஸ்டேட்டிலேயே கூட்டம் இருந்தாலும், கூச்சமாக இருந்தால் அடுத்த ஊருக்குப் போங்கள்.
லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அங்கே "அனானிமஸ்" என்ற வார்த்தைக்கு நகரத்தில் இருக்கும் காவல் கிடையாது. மூன்றாவது வீட்டு ஆள் எங்கே போகிறார் என்பது மறுநாள் மஸ்டருக்கு முன்னால் டிவிஷன் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் தொடக்கத்தில் யாருக்கும் உங்களைத் தெரியாத ஊரில் உட்காருங்கள். நாக்கு அவிழும். நாலைந்து மாதம் குடிக்காமல் நின்ற பிறகு உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வாருங்கள், அப்போது கூச்சம் பாதியாகியிருக்கும். அடுத்த ஊரிலும் உங்கள் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தால் பதறாதீர்கள். நீங்கள் எதற்கு வந்தீர்களோ அதற்குத்தான் அவரும் வந்திருக்கிறார்.

• கால் மணி நேரம் முன்னதாகப் போய், வாசலில் நிற்பவரிடம் "நான் புதுசு" என்று சொல்லுங்கள்.
மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முழுப் பெயர், ஊர், வேலை, ஜாதி எதுவும் கேட்க மாட்டார்கள். பேச விருப்பமில்லை என்றால் "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்றால் போதும்.

• திரும்பும்போது இரண்டு பேர் போன் நம்பராவது உங்கள் கையில் இருக்கட்டும்.
வாரத்துக்கு ஒரு நாள் கூட்டம், மிச்சம் ஆறு நாள் அந்த நம்பர்கள்தான். ஆசை கிளம்பும்போது கூப்பிடுங்கள், குடித்த பிறகு அல்ல.

• நேரில் போக முடியாத நாட்களுக்கு ஜூம் கூட்டத்தில் சேருங்கள்.
2020-க்குப் பிறகு தமிழிலேயே இப்படிக் கூட்டங்கள் நடக்கின்றன, நேரில் பார்த்த உறுப்பினரிடம் லிங்க் கேளுங்கள். புதியவர்களுக்கு 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்வது ஏ.ஏ.யில் வழக்கம். மலையில் அது நேரில் நடக்காது, போனில் நடக்கும். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போக வேண்டுமானால் போங்கள்.

• ஆறு கூட்டமாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.
முதல் நாள் எல்லார் பேச்சும் வேறு யாருடைய கதையோ போலிருக்கும். மூன்றாவது நாலாவது கூட்டத்தில் ஒருவர் உங்கள் கதையைச் சொல்வார். ஒரு குரூப் ஒத்துவராவிட்டால் வேறு குரூப் போங்கள்.

• மாலை கழற்றும் நாளுக்கு முன்பே கூட்டத்தைக் குறித்துவையுங்கள்.
சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் துளியும் தொடாதவர்கள் நம்மில் ஏராளம். "நினைச்சா நிறுத்திருவேன், பாத்தீங்கல்ல" என்ற வாதம் அங்கிருந்துதான் வருகிறது. விரதம் பெரிய பலம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, குடிநோய்க்குக் கிடையாது. மலையிறங்கி மாலை கழற்றிய அன்றே பாட்டில் திறந்தவர்களை குமுளியில் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அந்த 41 நாளில் தெளிந்த உடம்போடு முதல் கூட்டத்துக்குப் போங்கள், பாதி வேலை முடிந்திருக்கும். கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்தவர்களுக்கும் இதேதான்: கயிறு கையில் இருக்கட்டும், கால் கூட்டத்துக்குப் போகட்டும்.

• வீட்டாருக்கு அல்-அனான் கூட்டம் தேடுங்கள்.
குடிப்பவரின் குடும்பத்துக்காக 1951-ல் தொடங்கிய தனி அமைப்பு இது. அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் மனைவியும் அம்மாவும் போகலாம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தாரையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் இந்த நோயைச் சுமக்கிறோம் என்பது அவருக்குச் சொந்த வாழ்க்கையிலேயே தெரியும். பக்கத்தில் அல்-அனான் இல்லாவிட்டால் ஓப்பன் மீட்டிங்குக்குக் கூடப் போய் வாருங்கள்.

• குடிப்பவர் பெண் என்றால், முதல் போனிலேயே "பெண்கள் வருவார்களா?" என்று கேளுங்கள்.
தோட்டத்து வலிக்கும் குளிருக்கும் என்று தொடங்கிச் சிக்கிக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள், வெளியே பேசுவதில்லை. அறை முழுக்க ஆண்கள் என்றால் முதல் நாள் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். வழிகாட்டும் ஸ்பான்சர் பெண்ணாகவே இருக்கட்டும், போனில் கிடைத்தாலும் போதும். "தனியா வாங்க, விளக்கிச் சொல்றேன்" என்று எந்த ஆணாவது சொன்னால் அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

• கூட்டத்துக்கு என்று யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.
ஏ.ஏ.யில் அட்மிஷன் கட்டணமோ சந்தாவோ இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், டீக்கும் வாடகைக்கும் உறுப்பினர்கள் போடுவார்கள். புதியவர் போட வேண்டியதில்லை. ரசீது புத்தகத்தோடு ஒருவர் வந்தால் அது ஏ.ஏ. அல்ல.

• வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போகும் "மறுவாழ்வு மையத்தில்" ஒப்படைக்காதீர்கள்.
சலித்துப்போன குடும்பங்கள் நகையை வைத்துப் பணம் கட்டி ஆளை அனுப்பிவிடுகிறார்கள். ஆள் அடிபட்டுத் திரும்பி வருகிறார், வந்த வாரமே குடிக்கிறார், இப்போது வீட்டின்மேல் வெறுப்பும் சேர்ந்துவிடுகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டிவைப்பதை அந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் யார், இரவில் யார் இருப்பார், போனில் பேச விடுவீர்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்துவந்துவிடுங்கள்.

• சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலக்காதீர்கள்.
பஸ்ஸிலும் சுவரிலும் விளம்பரம் வரும் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. டாக்டர்கள் தரும் டைசல்பிரம் மாத்திரையையே ரகசியமாகக் கொடுக்கக்கூடாது. அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் வரை பாதிக்கலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்தால்தான் அது மருந்து.

• வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.
நாள்பட்ட குடியில் உடம்பில் பி1 வைட்டமின் வறண்டுபோயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஊசி போடும் முன் குடியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

• சர்ச் ஹால் என்று பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள்.
கேரளத்தில் மலிவான வாடகைக்கு ஹால் கிடைக்கும் இடம் பல ஊர்களில் சர்ச்சும் பள்ளிக்கூடமும்தான். ஏ.ஏ. எந்த மதத்தோடும் சேர்ந்ததல்ல. கடவுள் என்ற சொல் பேச்சில் வரும், அவரவர் புரிந்துகொண்டபடிதான். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அந்த நாற்காலியில்தான் உட்காருகிறார்கள்.

• மலையாளக் கூட்டம் மட்டும் இருந்தால் அதையும் ஒதுக்காதீர்கள்.
கேட்டால் புரியுமல்லவா, போதும். நீங்கள் பேசும்போது தமிழில் பேசுங்கள், எல்லையோரத்தில் அது யாருக்கும் புதிதல்ல. ஆனால் ஒன்று: வருஷக்கணக்கில் மூடிவைத்த வெட்கத்தை இரவல் மொழியில் இறக்கிவைக்க முடியாது. பக்கத்தில் மலையாளக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டே, மாதம் ஒருமுறையாவது தமிழ்க் கூட்டத்துக்கு எல்லை தாண்டுங்கள்.

• "கள்ளுதானே", "பீர்தானே" என்று கணக்குப் போடாதீர்கள்.
சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குக் கள்ளு குடியாகவே தெரியாது. குடிநோயாளிக்கு அது முதல் கிளாஸ், அங்கிருந்து பழைய இடத்துக்கு வெகுதூரம் இல்லை.

• கடை மூடிய நாளில் கேனில் வருவதைத் தொடாதீர்கள்.
2020 அக்டோபரில் வாளையார் பக்கம் செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் அப்படிக் குடித்த ஐந்து பேர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. யாராவது குடித்துவிட்டுக் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் தூங்க விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

• கூட்டத்தில் கேட்டதை வெளியே சொல்லாதீர்கள்.
வீட்டுக்காரியிடமும் சொல்லாதீர்கள். ஒருவர் பெயர் வெளியே போனால் அந்த ஊரில் பத்துப் பேர் வராமல் நின்றுவிடுவார்கள்.

• கூட்டத்து நண்பர் சொன்னார் என்று டாக்டர் மருந்தை நிறுத்தாதீர்கள்.
அவர் அனுபவசாலி, டாக்டர் இல்லை. மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

• அங்கே கடன் கேட்காதீர்கள், கொடுக்காதீர்கள்.
நூறு ரூபாய்க் கடன் ஒரு ஆளைக் கூட்டத்திலிருந்து விரட்டிவிடும்.

• சம்பள நாளில் தனியாகக் கடைவீதிக்குப் போகாதீர்கள்.
பணத்தை வீட்டில் ஒப்படைத்துவிட்டு, அன்று மாலையையே கூட்ட நாளாக வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

• உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அந்த எண்ணத்தோடு தனியாக இருக்காதீர்கள்.
குடியை விட்ட முதல் வாரங்களில் இது சிலருக்கு வரலாம், தாண்டிப் போகும். 14416 இரவும் பகலும் எடுப்பார்கள். பேசும்வரை பக்கத்து வீட்டு அக்காவையோ அண்ணனையோ வந்து உட்காரச் சொல்லுங்கள்.

• மறுபடி குடித்துவிட்டால், வெட்கப்பட்டுக் கூட்டத்தை விடாதீர்கள்.
அந்த அறையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த வழி தெரியும். போதை தெளிந்ததும் அதே வாரம் போய் அதே நாற்காலியில் உட்காருங்கள், "குடிச்சிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள், டீ கொடுப்பார்கள்.

• ஓணம் முடியட்டும், பொங்கல் முடியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.
போன் கையில்தானே இருக்கிறது. 14405.